வீட்டுக் காய்கறிச் சமையலும் சேமிப்பும்: சிங்கப்பூர்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மாமியார், நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். தினமும் வீட்டுச் சாப்பாடு, அதில் தினமும் காய் என்பதைப் பல வருடமாக விடாமல் செய்துவருகிறேன். அதனால் புளோக்கில் இருப்பவர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வாரத்துக்கான எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையே சமைத்து வைத்துவிடலாமா?

வேண்டாம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஞாயிறு சமைத்த பீன்ஸ் பொரியலைப் புதன்கிழமை எடுத்தால் நிறம் மங்கி, தேங்காய் வாடை வீசி, பிள்ளைகள் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். காயைச் சமைத்து வைப்பதைவிட, பாதி வேலையை முடித்து வைப்பதுதான் சரி. மீதிப் பாதி அன்றன்று அடுப்பில் நடக்கட்டும்.

பாதி வேலை என்றால் என்ன? பீன்ஸும் கேரட்டும் நறுக்கி, கொதிநீரில் காட்டி எடுத்து வைப்பது. துவரம்பருப்பையும் பாசிப்பருப்பையும் வேகவைத்துச் சின்னச் சின்ன டப்பாவில் பிரித்து வைப்பது. புளியைக் கரைத்து ஒரு கொதி விட்டுப் பாட்டிலில் ஊற்றுவது. வெங்காயமும் தக்காளியும் நன்றாக வதக்கி வைப்பது. தேங்காயைத் துருவி ஃபிரீசரில் வைப்பது. தாளிப்பும் தேங்காயும் மட்டும் ஒருபோதும் முன்கூட்டிச் சேர்ப்பதில்லை. கடுகும் கறிவேப்பிலையும் அன்றைக்கே வெடித்தால்தான் அந்தச் சாப்பாடு அன்றைய சாப்பாடு.

ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், செவ்வாய் இரவு ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து ஏழரைக்குள் ஒரு கூட்டும் ஒரு பொரியலும் மேசைக்கு வந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு காய் வாங்குவது?

சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டில் பாதி இடம் காய்க்கும் பழத்துக்கும்தான். கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு பருப்பு, மீன் போன்ற புரதம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பரிமாறல் காய் என்கிறார்கள். ஒரு பரிமாறல் என்பது சமைத்த காயில் சுமார் 100 கிராம், முக்கால் குவளை. கீரையாக இருந்தால் பச்சையாக 150 கிராம் எடுக்க வேண்டும். அப்படியென்றால் ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைத்துக் கணக்குப் போட்டாலும் வாரத்துக்கு ஆறு கிலோ வரும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு வாரம் நீங்கள் வாங்கும் காயை எடைபோட்டுப் பாருங்கள். நான் முதல் தடவை எடைபோட்டபோது மூன்று கிலோகூட வரவில்லை.

தேக்காச் சந்தையில் வாங்கிய கீரை இரண்டே நாளில் அழுகிவிடுகிறது. என்ன செய்வது?

கீரைக்கு எதிரி ஈரம். வாடாமல் இருக்கக் கடையில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, நம் ஊர் வெயிலில் பேருந்துக்கும் ரயிலுக்கும் தூக்கிக்கொண்டு வந்து, அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் உள்ளே வியர்த்துக் கொட்டும். மறுநாளே வழவழப்பு ஆரம்பிக்கும்.

வந்தவுடன் பையைப் பிரியுங்கள். கட்டை அவிழ்த்து, மின்விசிறியின் கீழே ஒரு துணியில் அரைமணி நேரம் பரப்புங்கள். மஞ்சள் இலை, நசுங்கிய இலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பிறகு சமையலறைக் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் வைத்து, காய்கறித் தட்டில் வையுங்கள். கழுவி வைக்காதீர்கள். கழுவுவது சமைக்கும் அன்று: தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பின்பு குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம்.

முருங்கைக்கீரை மட்டும் காத்திருக்காது. அன்றைக்கே உருவிவிடுங்கள். மறுநாள் காம்பிலிருந்து தானாக உதிர்ந்து, குச்சியும் இலையுமாகக் கலந்து கிடக்கும், பொறுக்குவது பெரிய வேலை.

இன்னொன்று, பழுத்த வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி ஆகியவற்றிலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிவரும். பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகும். பழத்தையும் கீரையையும் ஒரே தட்டில் போடாதீர்கள்.

எந்தக் காயை முதலில் சமைப்பது?

கெடும் வரிசையில்தான். ஞாயிறும் திங்களும் கீரை, வாழைப்பூ. செவ்வாய் வெண்டை, கத்தரி, கோவைக்காய். வாரத்தின் நடுவில் பீன்ஸ், புடலை, பீர்க்கு. கடைசியில் முட்டைக்கோஸ், பீட்ரூட், பூசணி, சேனை. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன், குப்பைக்குப் போகும் காய் பாதிக்குமேல் குறைந்தது.

ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாத காய் எது?

உருளைக்கிழங்கு குளிரில் இனித்துப்போகும், வறுத்தால் சீக்கிரம் கறுக்கும். வெங்காயமும் சின்ன வெங்காயமும் காற்றோட்டமான கூடையில் இருக்கட்டும், உருளையோடு சேர்த்து வைக்காமல். கத்தரிக்காயும் வெள்ளரிக்காயும் அதிகக் குளிரில் குழிவிழுந்து கெட்டுப்போகும் என்பதால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். தக்காளி பழுக்கும்வரை வெளியே, பழுத்தபின் உள்ளே.

காய்களை உறைய வைத்தால் சவசவ என்று ஆகிவிடுகிறதே?

பச்சையாக நறுக்கி நேராக ஃபிரீசரில் போட்டால் அப்படித்தான் ஆகும். காய்க்குள் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும், நிறமும் மணமும் போகும். அதை நிறுத்த எளிய வழி, கொதிநீரில் சிறிது நேரம் காட்டி எடுப்பது.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். நறுக்கிய பீன்ஸ் மூன்று நிமிடம், கேரட் துண்டு இரண்டு நிமிடம், காலிஃபிளவர் மூன்று, பச்சைப் பட்டாணி ஒன்றரை. நேரம் முடிந்ததும் வடித்து, ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் இங்கே போதாது, நம் ஊரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், காய் தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் கொதிநீரில் இருந்ததோ அவ்வளவு நேரமாவது ஐஸ் தண்ணீரில் இருக்கட்டும்.

பிறகுதான் முக்கியமான வேலை. துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒட்டாமல் விரித்து, ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கெட்டிப்பட்டதும் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். இப்படிச் செய்தால் ஒரு கைப்பிடி மட்டும் எடுக்கலாம், மொத்தமும் பாறையாக ஒட்டிக்கொள்ளாது. சமைக்கும்போது உருகவிடாமல் நேராகச் சூடான வாணலியில் போடுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

முருங்கைக்காய், அவரை, மொச்சை எல்லாம் இதற்கு நன்றாக ஒத்துவரும். வாழைப்பூவைக்கூட ஆய்ந்து, நறுக்கி, மோர்த் தண்ணீரில் போட்டு எடுத்து, மஞ்சள்தூள் சேர்த்துக் கொதிக்கவைத்து வடித்து உறைய வைப்பேன். வேலை மிகுந்த காயை இப்படி ஒரே நாளில் முடித்து வைப்பதில் எனக்குத் தனித் திருப்தி. ஆனால் வெள்ளரி, புடலை, வெண்பூசணி வேண்டாம், உருகியதும் தண்ணீராகிவிடும். உருளைக்கிழங்கு போட்ட சாம்பாரும் வேண்டாம், கிழங்கு மாவாக உதிரும். மோர்க்குழம்பு திரிந்துபோகும்.

உறைய வைத்தால் சத்து போய்விடும் என்கிறார்களே?

கொதிநீரில் காட்டும்போது வைட்டமின் சி கொஞ்சம் தண்ணீரோடு போகும். உறைவதால் பெரிதாக எதுவும் போவதில்லை. நான்கு நாள் ஃபிரிட்ஜில் வாடிக் கிடக்கும் "புதிய" பீன்ஸும் தன் சத்தை இழந்துகொண்டுதான் இருக்கிறது. வாங்கிய அன்றே உறைய வைத்த காய் அதற்குக் குறைந்தது இல்லை.

சூடான குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று என் அம்மா சொல்கிறார். ஆறும்வரை வெளியே வைக்கலாமா?

என் மாமியாரும் இதையேதான் சொல்வார். அவர் வளர்ந்த காலத்தில் மிஞ்சியதைக் காலையும் மாலையும் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துக் காப்பாற்றினார்கள். இன்று நமக்கு அது தேவையில்லை.

5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பகலில் 31, 32 டிகிரி அடிக்கும் நம் சமையலறை அந்த இடைவெளியின் நட்ட நடுவில் இருக்கிறது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக்கூடாது. இரவு எட்டு மணிக்கு இறக்கிய சாம்பார்ப் பானையை மூடிபோட்டு அடுப்பிலேயே விட்டுவிட்டு, படுக்கப் போகும்போது பதினொரு மணிக்கு உள்ளே வைப்பது பல வீடுகளில் வழக்கம். அதை மட்டும் மாற்றிக்கொண்டாலே போதும் என்பேன்.

எப்படிச் சீக்கிரம் ஆறவைப்பது? பெரிய பானையில் இருப்பதை அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். அவசரமென்றால் பாத்திரங்கழுவும் தொட்டியில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு, அதில் பாத்திரத்தை வைத்துக் கிளறுங்கள். அரைமணி நேரத்தில் ஆவி அடங்கிவிடும். லேசாகச் சூடு இருந்தாலும் உள்ளே வைக்கலாம், ஃபிரிட்ஜ் தாங்கும். ஒரு பெரிய பானையைக் கொதிக்கக் கொதிக்க அப்படியே உள்ளே தள்ளுவதுதான் கூடாது, பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறும், பானையின் நடுப்பகுதி ஆறவும் பல மணி நேரமாகும்.

உள்ளே 4 டிகிரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வெப்பமானி வாங்கி வையுங்கள். சில சிங்கப்பூர் வெள்ளிதான் ஆகும். ஃபிரீசர் மைனஸ் 18.

சமைத்ததை எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

எங்கள் வீட்டில் மூன்று நாள். தேங்காய் அரைத்த கூட்டு, அவியல் என்றால் இரண்டே நாள். எடுப்பதை எடுத்து, சாப்பிடும் அளவை மட்டும் கொதி வரும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவில் என்றால் நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும், ஓரம் கொதிக்கும்போது நடு சில்லென்றே இருக்கும். ஒரு தடவை சூடாக்கி மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

மூக்கை நம்பாதீர்கள். கெட்ட வாடை வராமலேயே வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் உண்டு. குறிப்பாகச் சோறு: அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெளியே கிடக்கும் சோற்றில் அவை உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. காய் சாதம், தக்காளி சாதம் செய்து வைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கீரையைத் திரும்பச் சூடாக்கினால் விஷம் என்கிறார்களே, உண்மையா?

கீரையில் நைட்ரேட் இயற்கையாகவே இருக்கிறது. சமைத்த கீரை வெளியே நெடுநேரம் இருந்தால் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். கைக்குழந்தைகளுக்குத்தான் அது ஆபத்து. உடனே குளிரவைத்து, மறுநாள் ஒருமுறை கொதிக்கச் சூடாக்கிப் பெரியவர்கள் சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. குழந்தைக்கு அன்றே கடைந்த கீரையை மட்டும் கொடுங்கள்.

ஆறு மாதக் குழந்தைக்குக் காய் மசியல் செய்து உறைய வைக்கலாமா?

வைக்கலாம். பரங்கி, கேரட், சர்க்கரைவள்ளி நன்றாக வரும். ஆவியில் வேகவைத்து மசித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டியானதும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். குழந்தையின் வாய்பட்ட கரண்டி போன கிண்ணத்தில் மிஞ்சியதை எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஊறுகாய், தொக்கு எல்லாம் ஆரோக்கியமானவைதானா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

தக்காளித் தொக்கு, புதினாத் தொக்கு, பாகற்காய்த் தொக்கு எல்லாம் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. ஆனால் நான் அவற்றைக் காய்க்கு மாற்றாக எண்ணுவதில்லை. சிங்கப்பூரில் 2022இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுவது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 2,000 மில்லிகிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் அது கெடும், கூட்டினால் நமக்குக் கெடுதல். அதனால் நான் கண்டுகொண்ட வழி: உப்பைக் குறைத்துச் சின்னப் பாட்டிலாகச் செய்து, ஃபிரிட்ஜிலேயே வைத்து, இரண்டு வாரத்தில் தீர்ப்பது. வெளியே வைத்து வருடம் முழுக்கச் சாப்பிடும் ஊறுகாய்க்கு நம் ஊர்ப் புழுக்கமும் ஒத்துழைக்காது.

பூண்டு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கப் போட்டு மேசைமேல் வைத்திருப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி வளரலாம். பூண்டுத் தொக்கில் புளியோ எலுமிச்சையோ தாராளமாகச் சேர்த்து, நன்றாக வதக்கி, ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

இங்கே வத்தல் போட முடியுமா? முருங்கையிலைப் பொடி?

பிப்ரவரியில் மழை குறையும் நாட்களில் மோர்மிளகாய் போட்டுப் பார்த்திருக்கிறேன், வந்தது. மற்ற மாதங்களில் பிற்பகல் மழைக்கு ஓடிஓடித் தட்டை எடுக்க வேண்டும், உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். ஒரு புள்ளி பூசணம் தெரிந்தாலும் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இலைக்கு வெயிலே வேண்டாம். குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். இரவில் படுக்கையறையில் ஒரு தட்டில் கழுவித் துடைத்த முருங்கையிலையையோ கறிவேப்பிலையையோ பரப்பி வையுங்கள். இரண்டு இரவில் சருகுபோல் நொறுங்கும், பச்சை நிறமும் போகாது. உளுத்தம்பருப்பு, மிளகாய், கொஞ்சம் புளி வறுத்துச் சேர்த்துப் பொடித்தால் இட்லிக்கும் சோற்றுக்கும் ஆகும். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.

பள்ளிக்குக் காய் கொடுத்தனுப்பினால் கெட்டுப்போகாதா?

காலை ஆறரைக்கு டப்பா கட்டினால், ஒன்பதரை, பத்து மணி இடைவேளைக்குள் பிள்ளை சாப்பிட்டுவிடும். அதுவரை தாங்க, முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய உணவுக் குடுவையில் கொதிக்கும் சூட்டில் போடுங்கள். தேங்காயும் தயிரும் சேர்த்தவை வேண்டாம். முருங்கைக்கீரை அடை, கேரட் சப்பாத்தி, பீட்ரூட் போட்ட சேமியா என்று ஈரமில்லாதவையே பத்திரம். பிற்பகல்வரை துணைப்பாட வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாட்டையே மதியத்துக்கும் கட்டாதீர்கள்.

பிள்ளைகள் காயைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்.

அரைத்து மாவில் மறைப்பது உதவும், ஆனால் அதோடு நிற்காதீர்கள். மறைத்தே கொடுத்தால் காயின் உருவமே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். என் மகன் வெண்டைக்காயை வெறுத்தது அதன் வழவழப்புக்காக. கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்கி, ஒரு கரண்டி தயிர் விட்டு மொறுமொறுவென்று வதக்கியதும் அவனே கேட்டு வாங்க ஆரம்பித்தான். பீன்ஸைப் பருப்பு உசிலியாகச் செய்தால் இன்றும் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். ஞாயிறு கீரை ஆயும்போது அவர்களையும் உட்கார வைப்பேன். தன் கையால் ஆய்ந்த கீரையை வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்கு மனம் வராது.

இந்தியாவிலிருந்து வரும் காய் விலை அதிகம். இங்குள்ள கீரைகளில் நம் சமையல் வருமா?

நன்றாகவே வரும். நாம் சாப்பிடும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, ஆனாலும் சில கீரைகள் இங்குள்ள பண்ணைகளிலேயே வளர்கின்றன. பக்கத்து ஈரச்சந்தையில் கிடைக்கும் பாயம் நம் முளைக்கீரைக்கு உறவு, பூண்டு போட்டுக் கடைந்தால் வித்தியாசமே தெரியாது. சைசிம் என்ற கடுகுக் குடும்பக் கீரையைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப் பொரியல் செய்யலாம். சாயூர் மானிஸ் என்ற கீரையை முருங்கைக்கீரைபோல உருவி, பாசிப்பருப்போடு துவட்டுங்கள். கங்கோங் என்ற வள்ளைக்கீரையின் தண்டு உள்ளே கூடு, மண் தங்கும், பிளந்து கழுவிப் புளிக்குழம்பில் போடுங்கள்.

வீட்டில் பணிப்பெண்தான் சமைக்கிறார். இதையெல்லாம் எப்படிப் பழக்குவது?

எழுதி ஒட்டுங்கள். என் தோழி வீட்டில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி, எது எந்த நாள் செய்தது என்று யாருக்கும் தெரியாமல் பழையது பின்னால் ஒதுங்கிக் கிடக்கும். காகித ஒட்டு நாடாவும் ஒரு பேனாவும் ஃபிரிட்ஜ்மேல் இருக்கட்டும். டப்பா மூடியில் செய்த நாள், காயின் பெயர், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு ஞாயிறு நீங்களும் கூட நின்று நறுக்குங்கள். எங்கள் வீட்டில் மாமியார் தன் கையெழுத்தில் எழுதுவார்: "ஞாயிறு, பீன்ஸ், தேங்காய் கடைசியில்."